கறையான் சட்டி

எங்கள் வீட்டில் கறையானுக்கு எதிரியும் அப்பாதான், பக்தனும் அப்பாதான். வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலிக்கரைப் புற்றின் முன்னால் நின்று கற்பூரம் கொளுத்துவார். மறுநாள் காலையில் கழிவு ஒயில் வாளியையும் பழந்துணியையும் எடுத்துக்கொண்டு, அந்தப் புற்றிலிருந்தே புறப்பட்டு வந்து கூரையைத் தாங்கும் மரக் கப்புகளில் ஏறியிருக்கும் கறையானைத் தேடித் தேடிக் கொல்லுவார். இதில் அவருக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. புற்றுக்குள் இருக்கும்வரை அது சாமி. கப்பில் ஏறிவிட்டால் கறையான்.

இந்தச் சண்டையில் மூன்றாவது கட்சி நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. கறையானை வளர்ப்பது என் வேலை.

நாங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய வருடம் அது. ஊர் என்றால் அப்பாவின் ஊர். சிலாவத்துறையிலிருந்து மறிச்சுக்கட்டிப் பக்கம் போகும் வீதியில் இறங்கி, வயல் பக்கமாக உள்ளே நடக்கவேண்டும். அப்பா மீசை முளைக்காத வயதில் விட்டுப்போன வளவில் வீடும் இல்லை, வேலியும் இல்லை. கிணற்றுக்குள் மரம் முளைத்திருந்தது. பழைய வீட்டின் மூலை இருந்த இடத்தில் என்னைவிட உயரமாக ஒரு புற்று நின்றது. காடு வெட்ட வந்தவர்கள் அதையும் இடிக்கப் பார்க்க, அப்பா குறுக்கே போய் நின்றாராம். "நாங்கள் எல்லாரும் ஓடிப்போக, வளவை விட்டுப் போகாமல் நிண்டது இது ஒண்டுதான்" என்று சொல்லி மண்வெட்டியைப் பறித்திருக்கிறார். அந்த விசுவாசத்துக்கு நன்றியாகத்தான் கற்பூரம்.

அம்மாவுக்கு அந்த ஊரோடு அப்படி எந்தக் கடனும் இருக்கவில்லை. கைக்குழந்தையாகப் படகில் போனவர் அவர். அவருக்கு ஊர் என்றால் முகாம்தான்: குழாயடி வரிசை, விடிய விடியப் பாடும் வானொலி, எதிர்க் கொட்டகையில் சொந்தத் தங்கச்சி. அந்தத் தங்கச்சி, என் சின்னம்மா, எங்களோடு வரவில்லை. பிரியும்போது அம்மாவுக்கு ஒரு புதுக் கிரைண்டர் வாங்கிக் கொடுத்தார். கல்லும் மோட்டாருமாக, மாவரைக்கும் கிரைண்டர். விமானத்தில் எங்களுக்கு அனுமதித்த எடையில் பெரும்பங்கை அது விழுங்கிவிட்டது. அப்பாவின் சாமான்கள் பாதி முகாமிலேயே நின்றுவிட்டன.

கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் ஊரில் மின்சாரம் இல்லை என்பது தெரிந்தது. கம்பங்கள் வந்திருந்தன. அவை நட ஆளில்லாமல் வீதியோரத்தில் படுத்துக் கிடந்தன.

ஆகவே கிரைண்டர் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. நிலத்தில் வைத்தால் கறையான் அரித்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். வீட்டில் இருந்தது ஒரேயொரு பிளாஸ்டிக் கதிரை. அதன் கால்களுக்குக் கீழே ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டை வைத்து, சிரட்டைக்குள் கழிவு ஒயில் ஊற்றி, கதிரையின்மேல் பெட்டியை ஏற்றினார். நைலோன் கயிற்றுக் கட்டு அப்படியே இருந்தது. பெட்டி ராசா மாதிரிக் கதிரையில் வீற்றிருக்க, வீட்டுக்கு வந்த மனிதர்கள் நின்றுகொண்டு கதைத்தார்கள். கிராம சேவகர்கூட ஒருமுறை நின்றபடியே தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

"கயித்தை அவிழ்த்துத்தான் பாப்பமே" என்று அப்பா ஒருநாள் மெல்லக் கேட்டார்.

"ஏன், திரும்பவும் கட்டுறதுக்கோ?" என்றார் அம்மா. அப்பா ஒயில் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கோழி வந்தது சித்தப்பாவால். அப்பாவின் தம்பியான அவர் கடல் தாண்டாமல் இந்தப் பக்கத்திலேயே அங்குமிங்குமாகத் தப்பிப் பிழைத்தவர். யாருடையதோ உழவு மெசினை ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் கழிவு ஒயில் கொண்டுவந்து கொடுப்பதும் அவர்தான். எதைக் கேட்டாலும் தெரியும் என்பார். அதில் பாதி உண்மையாகவே தெரியும். ஒருநாள் பனையோலைக் கூடையில் ஒரு தாய்க்கோழியையும் பொரித்துச் சில நாளான குஞ்சுகளையும் கொண்டுவந்து முற்றத்தில் கவிழ்த்தார்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அன்று பின்னேரம் அடுப்படியில் அப்பாவிடம் சொன்னார்.

"நாங்கள் நிக்கிறமோ போறமோ தெரியாமல் கிடக்கு. இதுகளை ஆர் பாக்கிறது?"

"கொஞ்சம் பொறு. ஒரு மாரியாவது பாப்பம்" என்றார் அப்பா.

அம்மா குஞ்சுகளைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "சரி. இந்தக் குஞ்சுகள் வளந்து முட்டையிடுமட்டும் நிக்கிறன். அப்பவும் எனக்கு உங்கட ஊரில மனம் ஒட்டாட்டி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தங்கச்சியிட்டப் போயிடுவன். நீங்கள் மறிக்கக்கூடாது."

அப்பா அடுப்பைப் பார்த்துக்கொண்டே "ஓம்" என்றார்.

நான் பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டது. கேட்டதை எனக்கு வசதியான மாதிரி விளங்கிக்கொண்டேன். ஒரு முட்டை வந்தால் போதும், பிரச்சினை தீர்ந்துவிடும். அம்மா பெட்டியை அவிழ்த்துவிடுவார். தோசை வரும். மின்சாரம் என்ற சங்கதியை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. எனவே முட்டை எவ்வளவு கெதியாக வருகிறதோ அவ்வளவுக்கு எங்கள் எல்லோருக்கும் நல்லது என்று முடிவு செய்து, கெதியாக வரவைக்க வழி கேட்டுச் சித்தப்பாவிடம் போனேன்.

"கறையான் குடு" என்றார் சித்தப்பா, யோசிக்கவே இல்லை. "கறையான் திண்டு வளந்த பேடு மற்றதுகளைவிட முந்தி முட்டையிடும்."

அது அவருக்குத் தெரிந்த பாதியா தெரியாத பாதியா என்று நான் ஆராயவில்லை. விளிம்புடைந்த மண்சட்டி ஒன்றைத் தேடித் தந்து, செய்முறையும் காட்டினார். பாதி காய்ந்த மாட்டுச்சாணியும் வைக்கோலும் பனங்கொட்டைத் தும்பும் போட்டுச் சட்டியை நிரப்பவேண்டும். தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடமாகப் பார்த்துக் கவிழ்த்து, மேலே ஈரச்சாக்குப் போட்டு விடவேண்டும். காலையில் போய்ச் சட்டியைத் தூக்கினால் உள்ளே முழுக்கக் கறையான். அப்படியே கொண்டுவந்து குஞ்சுகளின் முன்னால் தட்டவேண்டும்.

நடமாடும் இடம் என்றால் புற்றடிதான். அதற்கு அப்பாவின் அனுமதி வேண்டியிருந்தது. அவர் நீண்டநேரம் தாடையைச் சொறிந்தார். சாமியின் பரிவாரத்தைப் பிடித்துக் கோழிக்குப் போடலாமா என்பது சிக்கலான கேள்விதான்.

"புத்தில கை வைக்கக்கூடாது. கிண்டக்கூடாது. தானா விரும்பி வாறதை மட்டும் எடு" என்று தீர்ப்புச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை கற்பூரம், சனிக்கிழமை ஒயில், மற்ற நாளெல்லாம் கோழிக்கு விருந்து. அண்ணையின்ர கறையானுக்கு வந்த வாழ்வு" என்று சித்தப்பா சிரித்தார்.

முதல் நாள் சட்டியைத் தட்டியதை இன்றும் மறக்கவில்லை. வெள்ளை வெள்ளையாகக் கறையான் சிந்த, தாய்க்கோழி தொண்டைக்குள் ஒரு மாதிரிக் கூப்பிட்டது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டு ஓடிவந்தன. தவிட்டையும் அரிசிக் குறுநலையும் கண்டால் அரசாங்கக் கந்தோருக்கு வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி ஆறுதலாக, அவசரமில்லாமல் வருகிற அதே குஞ்சுகள்தான். ஒரு சிவப்புக் குஞ்சு சட்டிக்குள்ளேயே இறங்கிவிட்டது. அதைத்தான் நான் என்னுடையது என்று வைத்துக்கொண்டு, சிவப்பி என்று கூப்பிட்டேன்.

கோடை ஏற ஏறக் கறையான் மண்ணுக்குள் ஆழமாக இறங்கியது. சட்டியில் வரவு குறைந்தது. தேங்காய்ப் பொச்சுமட்டை, கிழிந்த சாக்கு, உக்கிய விறகு என்று நான் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். சித்தப்பா வரும்போதெல்லாம் வாசலில் நின்றபடி கதிரையை ஒரு பார்வை பார்ப்பார்.

"அட்டைமட்டை எண்டால் கறையானுக்கு உயிர், பிள்ளை. அந்தக் கிரைண்டர் பெட்டி மட்டும் கிடைச்சா, ஊர்க் கறையான் முழுக்க எங்கட வளவிலதான்."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும். "பெட்டியில கை வைச்சீங்களெண்டால் தம்பி, உங்களையும் அதுக்குள்ள போட்டுக் கட்டிப்போடுவன்."

அந்தப் பெட்டியைத் தொடக்கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அதன்மேல் படிந்த தூசியைத் தட்டித் துடைத்துவிட்டு, குளக்கட்டுக்கு நடந்து போவார். அங்கே நின்றால்தான் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும். சின்னம்மாவோடு கதைத்துவிட்டு வந்தால் அன்றைக்குக் கறியில் உப்பு இருக்காது, அல்லது இரண்டு மடங்கு இருக்கும். நானும் அப்பாவும் தட்டை வழித்துச் சாப்பிடுவோம்.

குஞ்சுகளை ஆர் பார்ப்பது என்று கேட்டவர், பருந்து வட்டமிட்டால் அகப்பையோடு முற்றத்துக்கு ஓடுகிறவராக எப்போது மாறினார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு குஞ்சைப் பருந்து கொண்டுபோனது, ஒன்றைக் கீரி. கீரி வந்த அன்று அம்மா அதற்குக் கொடுத்த பேச்சை நான் இங்கே எழுத முடியாது. மிச்சமானவை வளர்ந்தன. கழுத்து நீண்டு, இறகு மாறி, பார்க்க அவ்வளவு அழகாக இல்லாத ஒரு பருவத்தைக் கடந்து, கடைசியில் கோழிகள் மாதிரி ஆகின. சிவப்பிக்குக் கொண்டை சிவக்கத் தொடங்கியது.

அதை முதலில் கண்டவர் அப்பா. வயலால் திரும்பி வந்து கால் கழுவும்போது கேட்டார்.

"சிவப்பிக்குக் கொண்டை நிறம் மாறுது, என்ன?"

"ஆமாப்பா. சீக்கிரம் முட்டை போட்டுடும்" என்றேன். என் பேச்சு இன்னும் முகாமை விட்டு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் என் 'ஆமா'வுக்குச் சிரிக்காதவர்கள் இல்லை.

அப்பா சிரிக்கவில்லை. "கறையானை ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுத்தாக் காணும், பிள்ளை. கூடக் குடுத்தாச் சூடு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. தன் கப்புகளைக் காப்பாற்றுவதற்காக என் கோழிகளின் வயிற்றில் அடிக்கிறார் என்று நினைத்தேன். முட்டை வந்தால் நன்மை அவருக்கும்தானே. இந்தச் சின்ன விசயம்கூட விளங்காத மனிதராக இருக்கிறாரே என்று வருத்தமாக இருந்தது. நான் ஒவ்வொரு நாளும்தான் கொடுத்தேன். ஒரு காலையில் போய்ப் பார்த்தால் சட்டி நிமிர்ந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. நாய் புரட்டியிருக்கும் என்றார் அப்பா. சட்டியைப் புரட்டி, சாணியைத் தட்டிக் கொட்டி, சாக்கை நாலாக மடித்து வைத்துவிட்டுப் போகிற நாயை அதற்குப் பிறகு நான் எங்கேயும் கண்டதில்லை.

பிறகு மழை வந்தது. மாரியின் முதல் மழை பின்னேரம் பெய்து ஓய்ந்த கையோடு, புற்றின் வாய்களிலிருந்து ஈசல் கிளம்பியது. அம்மா அரிக்கன் லாம்பைக் கொளுத்தி முற்றத்தில் தூக்கியவுடன் அவ்வளவும் எங்களை நோக்கி வந்தது. காதில், வாயில், தேத்தண்ணீரில் எல்லாம் ஈசல். அப்பா சால்வையால் தலையை மூடிக்கொண்டார். அம்மாவோ அகன்ற பேசினில் தண்ணீர் கொண்டுவந்து லாம்புக்கு நேர் கீழே வைத்தார். வெளிச்சத்துக்கு வந்ததெல்லாம் தண்ணீரில் விழுந்தது. நானும் அவரும் அள்ளி அள்ளிச் சுளகில் போட்டோம்.

"முகாமில முதல் மழைக்கு இதை வறுத்து, அரிசிப்பொரியோட கலந்து தின்னுவம். வறுத்துத் தரட்டோ?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டார்.

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் ஈரமண்ணிலேயே இருந்துவிட்டார். வீட்டிலிருந்த ஒரே கதிரையில்தான் பெட்டி இருந்ததே.

காலையில் அந்தச் சுளகு முழுவதையும் கோழிகளுக்குக் கொட்டினேன். அளவு என்று ஒன்று இருப்பது எனக்கும் தெரியவில்லை, கோழிகளுக்கும் தெரியவில்லை. சிவப்பிதான் கூடத் தின்றது. வெயில் ஏறியபோது அதன் இரைப்பை கழுத்தடியில் எலுமிச்சங்காய் மாதிரிப் புடைத்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வேலியோரம் சாய்ந்துவிட்டது. நான் அழத் தொடங்கினேன். சித்தப்பாவைத் தேடினால் அவர் மெசினோடு எங்கோ வயலில்.

அம்மா வந்து சிவப்பியைத் தூக்கி மடியில் வைத்தார். தேங்காயெண்ணெயைச் சூடாக்கி விரலில் தொட்டு, இரைப்பையை மெல்ல மெல்ல உருவிவிட்டார். இடையிடையே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பருக்கினார். அன்று ஞாயிற்றுக்கிழமை. குளக்கட்டுக்குப் போகும் நேரம் வந்து, அதுவும் கடந்துவிட்டது.

"அம்மா, சின்னம்மா பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்று விசும்பலுக்கிடையில் ஞாபகப்படுத்தினேன்.

"இருக்கட்டும். எங்கட கோழியை இப்பிடி விட்டுட்டு எங்க போறது?" என்றார் அம்மா, தலையை நிமிர்த்தாமலே.

அப்பா வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புற்றடிக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினார். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. கோழி பிழைக்கவேண்டும் என்று கேட்டிருப்பார் என்று நினைத்தேன். என்ன கேட்டார் என்பதை அவர் இன்றுவரை சொன்னதில்லை.

பின்னேரம் சிவப்பி எழும்பியது. அம்மாவின் மடியிலேயே எச்சம் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி இறங்கி நடந்தது. எனக்கு வந்த சந்தோசத்தில் அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். எச்சம் என் சட்டையிலும் பட்டது.

அதன்பிறகு விடாத மழை. வளவெல்லாம் தண்ணீர். சாணி கரைந்து, வைக்கோல் ஊறி, சட்டி சும்மா கிடந்தது. கோழிகள் வீட்டுக்குள் வந்து ஒதுங்கின. அம்மா விரட்டுகிற மாதிரி விரட்டுவார். அவை போகிற மாதிரிப் போய் வரும். அப்படி ஒரு காலையில் உள்ளேயிருந்து சிவப்பியின் கொக்கரிப்புக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கதிரைக்குக் கீழே, ஒயில் சிரட்டைகளுக்கு நடுவே, வீட்டில் ஒழுக்கு விழாத அந்த ஒரே இடத்தில், ஒரு சின்ன முட்டை.

நான் கத்திய கத்தலில் அப்பா வயற்சேற்றுக் காலோடு ஓடிவந்தார். முட்டையைக் கண்டதும் அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "வந்திட்டுதோ" என்றார். யாரோ காலமான வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார். இவ்வளவு பாடுபட்டு நான் வரவைத்த முட்டைக்கு அதுதான் மரியாதை.

அம்மா குனிந்து முட்டையை எடுத்தார். அதில் பட்டிருந்த ஒயிலைத் துடைத்தார். தகரத்தில் மழைச் சத்தம் குறைந்துகொண்டு வந்தது. அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இண்டைக்குச் சட்டிக்குள்ள வைக்க என்ன கிடக்கு?"

"ஒண்டுமில்லை அம்மா. எல்லாம் ஊறிப்போச்சு."

"மற்றக் கோழியளும் முட்டையிட வேணுமெல்லோ" என்றார் அம்மா. முட்டையை என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனார். கத்தியோடு திரும்பி வந்து, நைலோன் கயிற்றை ஒரே இழுவையில் அறுத்தார்.

அப்பா அசையவில்லை. அம்மா பெட்டியைத் திறந்து, கிரைண்டரைக் குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, மூலையில் நிலத்தில் வைத்தார். பிறகு பெட்டியைப் பிரித்துக் கிழிக்கத் தொடங்கினார். தடித்த அட்டை. கிழிக்கக் கிழிக்க அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு கட்டு அட்டையை என்னிடம் நீட்டினார்.

"இந்தா, கொண்டுபோய் வை. மிச்சத்தைப் பிறகு வைக்கலாம்."

ஆர் அதற்குமேல் நிற்பார்கள். சித்தப்பா ஒரு கோடை முழுக்கக் கண் வைத்திருந்த அட்டை. கறையானுக்கு உயிரான அட்டை. மழை விட்டிருந்தது. முட்டையை அரிசிப்பானைக்குள் பத்திரப்படுத்திவிட்டுப் புற்றடிக்கு ஓடினேன். சட்டிக்குள் அட்டையை அடைத்து, கவிழ்த்து, மேலே சாக்கையும் போட்டேன். நாளைக் காலையில் கோழிகள் படப்போகிற பாட்டை நினைத்து எனக்கு நிலைகொள்ளவில்லை.

திரும்பி வந்தபோது அப்பா கதிரையில் இருந்தார். அந்தக் கதிரையில் ஒரு மனிதர் இருந்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. ஒரு சிரட்டை கவிழ்ந்து ஒயில் நிலத்தில் ஓடியிருந்தது. அவர் தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அம்மா அதைக் காணாத மாதிரி, துருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பாவமாக இருந்தது. அட்டை வைத்தால் கறையான் பெருகும், பெருகினால் மறுபடியும் கப்பில் ஏறும், பாவம் அப்பா எத்தனை கப்புக்குத்தான் ஒயில் பூசுவார். கிட்டப் போய் அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"வீட்டுப் பக்கம் வராது அப்பா. புத்தடியிலதான் வைச்சனான்."

அப்பா துண்டை எடுத்தார். அழுத கண்ணோடு சிரித்தார்.

"வரட்டும் பிள்ளை. எவ்வளவெண்டாலும் வரட்டும்."

கறையானோடு அவருக்கு எப்படி இவ்வளவு கெதியில் சமாதானம் வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. மிச்ச அட்டைக்கு இன்னொரு சட்டி வேண்டியிருந்தது. தேடிக்கொண்டு ஓடினேன்.